சீமைப்பலா: பழமா, காயா, சோறா?

கொல்லத்தில் புறப்படும் நெடுஞ்சாலை புனலூர், ஆரியங்காவு வழியாக மலையேறி, செங்கோட்டையில் இறங்கி, தென்காசி, புளியங்குடி, சிவகிரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வந்து திருமங்கலத்தில் முடிகிறது. மலைக்கு அந்தப் பக்கத்து நேந்திரங்காய், அன்னாசி, மரச்சீனிக்கிழங்கு எல்லாம் இந்தச் சாலையில்தான் நம்ம பக்கம் வருகின்றன. ஆனால் அங்கே பல வீடுகளின் கொல்லையில் நிற்கிற ஒரு மரத்தின் காய் மட்டும் இந்தப் பக்கச் சந்தைகளில் கண்ணில் படுவதே அபூர்வம். அதுதான் சீமைப்பலா.

பெயரிலிருந்தே தொடங்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் சீமைப்பலா, சீமைச்சக்கை என்பார்கள். கேரளத்தில் கடச்சக்கை, சீமச்சக்கை. யாழ்ப்பாணத்தில் ஈரப்பலா, காயைச் சொல்லும்போது ஈரப்பலாக்காய். சிங்களத்தில் தெல். மங்களூர் துளுவில் ஜீகுஜ்ஜே. கோவாவில் நீர்ப்பணஸ். மலேசியாவில் சூக்குன். சீமைக்கருவேல், சீமை அகத்தி மாதிரி, சீமைப்பலாவில் இருக்கிற ‘சீமை’யும் வெளியிலிருந்து வந்தது என்பதற்கான அடையாளம்தான். புத்தகங்களில் ‘ரொட்டிப்பழம்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி எந்தக் காய்கறிக் கடையிலும் நான் யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. சொல்லப்போனால் இந்தக் காயைப் பற்றிய குழப்பத்துக்குப் பாதிக் காரணமே அந்தப் பெயரில் உள்ள ‘பழம்’ என்ற சொல்தான்.

இன்னொரு பெயரையும் இங்கேயே பார்த்துவிடலாம். சங்கப் பாடல்களில் ‘ஆசினி’ என்று ஒரு மரம் வருகிறது. அதற்கு ஈரப்பலா என்று பொருள் சொல்லும் வழக்கம் உண்டு. எனக்கு இது ஏற்பாக இல்லை. சீமைப்பலா பசிபிக் தீவுகளில் பயிராகிப் பரவிய மரம். மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இயற்கையாக வளரும் அயினிப்பலா, பலாவின் நெருங்கிய சொந்தம். மலையாளத்தில் அதை ஆஞ்ஞிலி என்பார்கள். பெயர் ஒலியும் நிலமும் அதற்குத்தான் பொருந்தி வருகிறது. ஆசினியைத் தேடுகிறவர்கள் அயினியைப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

பலாவின் உறவு, ஆனால் பலா இல்லை

சீமைப்பலாவின் அறிவியல் பெயர் ஆர்டோகார்பஸ் அல்டிலிஸ். ‘ஆர்டோஸ்’ என்றால் கிரேக்கத்தில் ரொட்டி, ‘கார்பஸ்’ என்றால் கனி. இந்தப் பேரினப் பெயரை வைத்தவர்கள் கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் கூடப்போன ஃபார்ஸ்டர்கள், அப்பாவும் மகனும், 1776-இல் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நம்ம பலாவும் இதே பேரினம்தான்: ஆர்டோகார்பஸ் ஹெடரோஃபில்லஸ். அதாவது பலா என்கிற பெரியண்ணனுக்கு, கடல் கடந்து வந்த தம்பியின் பெயரை வைத்துத்தான் அறிவியலில் இனிஷியல் போட்டிருக்கிறார்கள்.

உறவு அவ்வளவுதான். வெட்டிப் பார்த்தால் வேறு. பலாவில் சுளை, சடை, கொட்டை என்று தனித்தனியாக இருக்கும். சீமைப்பலாவில் சுளையும் கிடையாது, சடையும் கிடையாது. நாம் சமைக்கும் வகையில் கொட்டையும் இல்லை. மெல்லிய பச்சைத் தோலுக்கு உள்ளே வெள்ளை அல்லது இளம் மஞ்சளில் ஒரே சதை, நடுவில் ஒரு தண்டு. தோலில் முள் இருக்காது. அறுகோணக் கட்டங்கள் வரைந்த மாதிரி இருக்கும். ஒரு காய் சாதாரணமாக ஒன்று முதல் மூன்று கிலோ. இலையைப் பார்த்தாலே மரத்தை அடையாளம் சொல்லிவிடலாம். பலா இலை சின்னது, முழுசாக இருக்கும். சீமைப்பலா இலை பெரிசு, பப்பாளி இலைபோல ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும்.

கொட்டை இல்லாததற்குக் காரணம் உண்டு. இதன் மூதாதை நியூகினிப் பக்கத்தில் வளரும், நிறையக் கொட்டை உள்ள ஒரு மரம். பசிபிக் தீவுகளில் மக்கள் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குக் குடியேறும்போது தோணியில் இதன் வேர்க்கன்றுகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததில், குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதிலாக மூன்றாக உள்ள, விதை பிடிக்காத மரங்கள் நிலைத்துவிட்டன. விதை இல்லாததால் இது தானாகப் பரவாது. பறவையோ அணிலோ கொண்டுபோய்ப் போட முடியாது. யாராவது ஒருவர் வேரைக் கீறி, அதில் துளிர்க்கும் கன்றைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய் நட்டால்தான் உண்டு. ஒவ்வொரு சீமைப்பலாவும் இன்னொரு சீமைப்பலாவின் வேர்த்துண்டு.

கான்சாபுரத்து மரம்

எங்கள் கான்சாபுரத்தில் ஒரு தென்னந்தோப்பில் அப்படி வந்த மரம் ஒன்று நிற்கிறது. தோப்புக்கார அண்ணாச்சிக்கு மார்த்தாண்டம் பக்கம் சம்பந்தம். சம்பந்தி வீட்டிலிருந்து காரில் வைத்துக் கொண்டுவந்த கன்று. இந்த மரத்துக்கு ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை வேண்டும் என்பார்கள். நம்ம பக்கம் பெய்வது அதில் பாதிதான். தென்னைக்குப் பாயும் தண்ணீரிலும் மலையடிவாரக் காற்றிலும் பிழைத்து வளர்ந்து காய்க்கவும் ஆரம்பித்துவிட்டது.

காய்த்த பிறகுதான் சிக்கல். பலாதானே என்று பழுக்கட்டும் என விட்டிருக்கிறார்கள். பழுத்துக் குழைந்து, பாதி கீழே விழுந்து, ஈ மொய்த்தது. எடுத்துத் தின்று பார்த்தால் பலாவின் தித்திப்பும் இல்லை, வாசமும் இல்லை. “மாவு மாதிரி வழவழன்னு இருக்கு தம்பி. மாடுகூட யோசிச்சுத்தான் திங்குது. வெட்டிட்டு ரெண்டு தென்னம்பிள்ளை வச்சிரலாம்னு பாக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்.

அண்ணாச்சி சொன்னதில் தப்பு இல்லை. பழம் என்று எடுத்துக்கொண்டால் சீமைப்பலா சுமாரான பழம்தான். கேள்வி என்னவென்றால், அதை ஏன் பழம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்?

மூன்று பருவம், மூன்று ருசி

‘சீமைப்பலா எப்படி இருக்கும்?’ என்று கேட்டால் ஒரே பதில் சொல்ல முடியாது. எந்தப் பருவத்தில் பறித்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

பிஞ்சு: எலுமிச்சையிலிருந்து கைமுட்டி அளவு வரை. பால் நிறைய இருக்கும். அவித்தால் வாழைப்பூவின் உள்மொட்டும் பிஞ்சுப் பலாமூசும் கலந்த மாதிரி, இலேசான துவர்ப்போடு இருக்கும். ஊறுகாய்க்கும் பொரியலுக்கும் நல்லது.

முற்றிய காய்: இதுதான் உண்மையான பருவம். கட்டங்கள் விரிந்து தட்டையாகும். பளிச்சென்ற பச்சை சற்று மங்கி மஞ்சளோடும். தோலில் பால் கசிந்து காய்ந்த பழுப்புத் திட்டுகள் தெரியும். கையில் கெட்டியாக இருக்கும். வேகவைத்தால் உருளைக்கிழங்குக்கும் மரச்சீனிக்கும் இடைப்பட்ட பதம். ஆனால் கிழங்கின் மண்வாசம் இருக்காது. சுட்டால்தான் ஐரோப்பியர்கள் ஏன் ரொட்டி என்றார்கள் என்பது புரியும். தோல் கருகி உள்ளே ஆவியில் வெந்த சதையில் புதிதாகச் சுட்ட ரொட்டியின் வாசம் வரும்.

பழம்: மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கியதும் சதை குழையும். இளந்தித்திப்பு, வெண்ணெய்ப் பதம், கொஞ்சம் புளித்த வாசம். பச்சையாகத் தின்னலாம், ஆனால் அதற்காக யாரும் மரம் ஏறமாட்டார்கள். மாவில் பிசைந்து பணியாரமாகவோ அப்பமாகவோ சுட்டால் மதிப்புக் கூடும்.

முற்றிய காய்க்கும் குழைந்த பழத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறைவு. பறித்த காய் சாதாரண வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும். மலை தாண்டிச் சந்தைக்கு வந்து, ஏலம் போய், கடையில் உட்கார்ந்து, வீட்டுக்கு வருவதற்குள் கதை முடிந்துவிடும். 1697-இல் வெளியான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர், குவாம் தீவில் பார்த்த இந்தக் காயைப் பற்றி எழுதும்போது, ஒரு நாளைக்கு மேல் வைத்திருந்தால் ருசி போய்விடுகிறது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். கொல்லைக்காயாகவே இது நின்றுபோனதற்கு இது ஒரு முக்கியமான காரணம். பக்கத்தில் மரம் இருப்பவருக்குத்தான் ருசி தெரியும்.

நறுக்குவது எப்படி

முதல் எதிரி பால். காம்பை வெட்டியதும் வெள்ளைப் பால் கொட்டும். துணியில் பட்டால் போகாது. தீவுகளில் இதே பாலைத் தோணியின் ஓட்டை அடைக்கவும், பறவை பிடிக்கும் பசையாகவும் பயன்படுத்தினார்கள் என்றால் அதன் பிடிப்பைப் புரிந்துகொள்ளலாம். பறித்தவுடன் காம்பைக் கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்து ஒரு மணி நேரம் வைத்தால் பெரும்பகுதி வடிந்துவிடும். கையிலும் அரிவாள்மணையிலும் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். பலா அரிந்து பழகிய கைக்கு இது புதுசு இல்லை.

நான்காக வகுந்து, நடுத்தண்டை நீக்கி, தோலைச் சீவி, உடனே மஞ்சள்தூளும் உப்பும் போட்ட தண்ணீரில் போட வேண்டும். காற்றுப் பட்டால் வாழைக்காய் மாதிரிக் கறுத்துப்போகும். துண்டுகள் கொதிநீரில் கால் மணி நேரத்தில் வெந்துவிடும். குக்கரில் இரண்டு விசிலுக்கு மேல் போனால் கூழாகிவிடும்.

தேங்காயைத் தேடும் காய்

சீமைப்பலாவுக்குத் தனக்கென்று அடித்துப் பேசும் ருசி கிடையாது. இது குறை மாதிரித் தெரியும். சோற்றுக்கும் இதே குறைதானே? அது சேர்ந்த மசாலாவை, எண்ணெயை, தேங்காயை உறிஞ்சிக்கொண்டு, தன் பதத்தை மட்டும் விட்டுக்கொடுக்காமல் நிற்கும். இது எங்கெல்லாம் வேரூன்றியதோ, அங்கெல்லாம் தென்னை இருப்பது தற்செயல் இல்லை. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே ஈரக்காற்று. ஒரே அடுப்பும்கூட.

கேரளத்திலும் குமரியிலும் முதலிடம் வறுத்தரைத்த கறிக்கு. துருவிய தேங்காயைக் கொத்தமல்லி, வற்றல் மிளகாய், சின்ன வெங்காயத்தோடு செம்பழுப்பாக வறுத்து, மையாக அரைத்து, வெந்த துண்டுகளில் ஊற்றிக் கொதிக்கவிடுவார்கள். பெருஞ்சீரகமும் பட்டையும் சேர்ந்தால் இறைச்சிக் குழம்பின் சாயல் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காத வீட்டில் இது அந்த இடத்தை நிரப்பும். புளி ஊற்றினால் தீயல். பொடியாக நறுக்கித் தேங்காய் போட்டால் துவரன்.

மங்களூரிலும் கோவாவிலும் கைப்பழக்கம் வேறு. அரைவட்டத் துண்டுகளாக மெல்லிசாக அரிந்து, மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு, மஞ்சள் பூசி ஊறவைத்து, அரிசி மாவிலோ ரவையிலோ புரட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுச் சுட்டெடுப்பார்கள். வஞ்சிர மீன் வறுவலுக்குச் செய்கிற அதே வேலை. மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. முதல்முறை சாப்பிடுகிறவருக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும் என்பேன். வாதாட வேண்டியே இருக்காது.

இலங்கையில் தமிழர் வீடுகளில் ஈரப்பலாக்காயைத் தேங்காய்ப்பாலில் பால்கறியாக வைப்பார்கள், பொரிப்பார்கள். சிங்கள வீடுகளிலும் பால் ஊற்றிய கறி உண்டு. அதைவிட எளிதானது அவித்த காய்: சுடச்சுட அவித்த துண்டுகள், மேலே துருவிய தேங்காய்ப்பூ, பக்கத்தில் உறைப்பான சம்பல். காலையிலோ இரவிலோ இதுவே முழுச் சாப்பாடு. கவனிக்க வேண்டிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி. இலங்கையில் பல வேளைகளில் அதுவே சோறு.

பசிபிக் தீவுகளில் அது எப்போதுமே சோறுதான். சமோவாவில் சுட்ட கற்களுக்கு நடுவே வேகவைத்துத் தேங்காய்ப்பாலோடு உண்பார்கள். மார்க்கேசஸ் தீவுகளில் உபரியான காயைக் குழியில் இலை போட்டு மூடிப் புளிக்கவைத்து ‘மா’ என்று ஒரு சேமிப்பு செய்தார்கள். காற்றுப் புகாத குழியில் அது ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். புயலோ வறட்சியோ வந்தால் அந்தக் குழியைத் தோண்டித் தின்றார்கள். மூன்று நாள் தாங்காத காயைப் பஞ்சகாலத்துக்குச் சேர்த்துவைத்த அறிவு அது.

கப்பலில் வந்தது காய் மட்டும்

சமைக்கத் தெரியாத இடத்துக்குக் காய் மட்டும் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

1780-களில் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்து அடிமையாக்கிய மக்களுக்குச் செலவில்லாமல் சோறு போட வேண்டும். தாஹிதியில் மரத்தில் காய்க்கும் ‘ரொட்டி’யைப் பற்றி ஜோசப் பேங்க்ஸ் போன்றவர்கள் சொன்னது அவர்களுக்கு இனித்தது. பிரிட்டிஷ் அரசு வில்லியம் பிளை தலைமையில் பவுன்ட்டி என்ற கப்பலை அனுப்பியது. தாஹிதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட கப்பலில் 1789 ஏப்ரல் 28 அன்று கலகம் மூண்டது. பிளையையும் 18 பேரையும் ஒரு திறந்த படகில் இறக்கிவிட்டு, கன்றுகளைக் கடலில் எறிந்தார்கள் கலகக்காரர்கள். பிளை அந்தப் படகிலேயே தைமூர்த் தீவு வரை போய்ச் சேர்ந்தது தனிக்கதை.

இரண்டாவது முறை பிராவிடன்ஸ் கப்பலில் போனார். 1793-இல் செயின்ட் வின்சென்ட் தீவிலும் ஜமைக்காவிலும் கன்றுகள் இறங்கின. மரம் செழித்தது. ஆனால் யாருக்காகக் கொண்டுவந்தார்களோ அவர்கள் அதைச் சீந்தவில்லை. அவர்களுக்கு வாழைக்காயும் கிழங்கு வகைகளும்தான் சோறு. மேலிருந்து எறியப்பட்ட இந்தப் புதுக்காய் நெடுங்காலம் பன்றித் தீவனமாகவே இருந்தது.

பிறகு தலைமுறைகள் மாற, அதே மக்கள் தங்கள் அடுப்பில் தங்கள் விருப்பத்துக்குச் சமைக்கத் தொடங்கியபோது நிலைமை மாறியது. இன்று ஜமைக்காவில் கரிநெருப்பில் முழுசாகச் சுட்டு, தோல் சீவி, துண்டு போட்டு வறுத்து உப்புமீனோடு உண்பது சொந்த ஊர்ச் சாப்பாடு. கிரெனடாவின் தேசிய உணவான ‘ஆயில் டவுன்’ இந்தக் காயை உப்புக்கண்டம், கீரை, மஞ்சள், தேங்காய்ப்பாலோடு ஒரே பானையில் போட்டு, பால் வற்றி எண்ணெய் பிரியும் வரை வேகவைப்பது. நம்ம ஊர்க் கைப்பக்குவம் மாதிரியே இல்லையா? அரசாங்கமும் முதலாளியும் சொல்லி இறங்காத காய், சமையல்காரர்கள் கையில் போன பிறகுதான் தொண்டையில் இறங்கியது.

மலைக்கு இந்தப் பக்கம் நம்ம நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான். செங்கோட்டையும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி அரசோடு இருந்தவை. எல்லைக்கோடு மாறினாலும் சமையல் கோடு அவ்வளவு சீக்கிரம் நகரவில்லை. மாங்காயும் தேங்காயும் கொட்டிக்கிடக்கும் ராஜபாளையம் பக்கத்தில், சீமைப்பலாவுக்கு ஒரு குழம்பு இல்லை, ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் கான்சாபுரத்தில் அது மாட்டுக்குப் போனது.

நம்ம அடுப்பில்

அண்ணாச்சி தோப்பில் அடுத்த காய்ப்பில் முற்றிய காயாக நான்கு பறித்து, மூன்று விதமாகச் செய்து பார்த்தோம்.

முதலாவது வறுவல். மங்களூர் முறைதான், ஆனால் நம்ம வீட்டு மிளகாய்த்தூள், நல்லெண்ணெய். பிள்ளைகள் கல்லிலிருந்து எடுக்க எடுக்கக் காலி செய்தார்கள்.

இரண்டாவது சால்னா. விருதுநகர் பக்கத்துப் பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாவில் என்ன போட்டாலும் அந்தக் காரமும் தேங்காயும்தானே பேசும்? கறிக்குப் பதில், எண்ணெயில் இலேசாகப் பொரித்தெடுத்த சீமைப்பலாத் துண்டுகளைக் கடைசிக் கொதியில் போட்டோம். பொரிக்காமல் போட்டால் குழைந்துவிடும்; பொரித்தால் ஓரம் பிடித்து, உள்ளே சாற்றை வாங்கி, எலும்பில்லாத கறி மாதிரி நிற்கும். உருளைக்கிழங்கு சால்னாவைக் கெட்டியாக்கும். இது சால்னாவைக் குடிக்கும். அதுதான் வித்தியாசம்.

மூன்றாவது சுட்ட காய். தேங்காய்மட்டையும் சிரட்டையும் எரிந்த தணலில் முழுக்காயை வைத்து, அவ்வப்போது புரட்டி, முக்கால் மணி நேரம். காம்புப் பக்கம் ஆவி வந்ததும் எடுத்து, கருகிய தோலைச் சீவினோம். உப்பும் தேங்காய்த் துவையலும் போதும். “அவிச்ச கிழங்குன்னு நெனச்சேன், இது ரொட்டி மாதிரில்லா இருக்கு” என்றார்கள் மதினி. இத்தனைக்கும் ‘ரொட்டிப்பழம்’ என்ற சொல்லை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

மரம் இன்னும் நிற்கிறது. இரண்டு தென்னம்பிள்ளைக்கு வேறு இடம் பார்த்துவிட்டார் அண்ணாச்சி.

தட்டில் எதற்குப் பதிலாக?

உடம்புக்கு நல்லதா என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. 100 கிராம் சீமைப்பலாவில் நார்ச்சத்து கிட்டத்தட்ட 5 கிராம் உட்பட சுமார் 27 கிராம் கார்போஹைட்ரேட், 1 கிராம் புரதம், 490 மில்லிகிராம் பொட்டாசியம், 29 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கின்றன. வேகும்போது வைட்டமின் சி-யில் ஒரு பகுதி போய்விடும். இதை 100 கிராம் வெந்த வெள்ளைச் சோற்றோடு ஒப்பிட்டால், கார்போஹைட்ரேட் ஏறக்குறைய அதே அளவு, 28 கிராம். நார்ச்சத்தோ சோற்றில் அரை கிராம்கூட வராது.

இந்த ஒரு கணக்கு முழு விஷயத்தையும் சொல்லிவிடுகிறது. எடைக்கு எடை, இது சோறு. ஆகவே தட்டு நிறையச் சோறு போட்டு, அதன்மேல் சீமைப்பலாக் கறியையும் ஊற்றினால் சோற்றின்மேல் சோறு போட்டதாகவே கணக்கு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ‘காய்தானே’ என்று எண்ணாமல் சாப்பிடக் கூடாது. சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் வைத்தால் நார்ச்சத்தின் பயன் கிடைக்கும். சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடுவது நல்லது. புரதம் மிகக் குறைவு என்பதால் பக்கத்தில் பருப்போ மீனோ கடலையோ வேண்டும். மங்களூரில் கொண்டைக்கடலையோடு சேர்த்துக் கறி வைப்பதும், ஜமைக்காவில் உப்புமீனோடு தின்பதும் ருசிக்காக வந்த சேர்க்கைகள். அவை இந்தக் குறையையும் ஈடுகட்டிவிடுகின்றன.

வாங்குபவருக்கும் நடுபவருக்கும்

தென்காசி, நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் போகிறவர்கள் கடையில் கண்டால் இதைப் பார்த்து வாங்குங்கள்: கட்டங்கள் தட்டையாக விரிந்திருக்க வேண்டும், தோலில் காய்ந்த பால் திட்டு இருக்க வேண்டும், அழுத்தினால் அமுங்கக் கூடாது. அமுங்கினால் அது பணியாரத்துக்குத்தான். வீட்டுக்கு வந்த அன்றே சமைக்க முடியாவிட்டால் முழுக்காயைத் தண்ணீரில் மூழ்கும்படி வைத்தால் பழுப்பது சற்றுத் தள்ளிப்போகும். அதைவிட நல்ல வழி, தோல் சீவித் துண்டு போட்டு அரைவேக்காடு வேகவைத்து, தண்ணீர் வடித்து ஃப்ரீசரில் வைப்பது. சிப்ஸ் போடுவதென்றால் முற்றிய பச்சைக்காய் மட்டும். பழுக்கத் தொடங்கியதில் சர்க்கரை ஏறியிருப்பதால் எண்ணெயில் கறுத்துவிடும்.

நடுவதென்றால் விதை கேட்டு அலைய வேண்டாம். காய்க்கிற மரம் வைத்திருப்பவரிடம் ஒரு வேர்க்கன்று கேளுங்கள். வேரிலிருந்து பிரித்து உடனே தரையில் நட்டால் பெரும்பாலும் வாடிவிடும். பையில் வைத்து, நிழலில் ஈரம் காயாமல் சில மாதம் தேற்றி, ஐப்பசி மழையில் நடுவது நம்ம பக்கத்துக்குப் பொருத்தம். தென்னைக்கு நடுவில், தண்ணீர் பாயும் வாய்க்கால் ஓரத்தில், தேங்காத மண்ணில் வைத்தால் நான்கைந்து ஆண்டில் காய்க்கும். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். பெரிய மரம், வேர் மேலாக ஓடும், கிளை காற்றில் எளிதாக ஒடியும். கன்று தருகிறவரிடம் அவர் வீட்டில் இதை எப்படிக் குழம்பு வைக்கிறார்கள் என்பதையும் மறக்காமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.